நாள் பார்த்துப் படிக்கும் சென்னை

ஆகஸ்ட் 22ஆம் நாளைச் சென்னையின் பிறந்த நாளாக ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் டே, தன் மேலதிகாரி ஆண்ட்ரூ கோகனின் ஆதரவோடும் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த பேரி திம்மப்பாவின் துணையோடும், தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் கடற்கரையோரத்து மணல்மேடு ஒன்றில் கோட்டை கட்டிக்கொள்ள உரிமை பெற்றது 1639ஆம் ஆண்டில் என்பது நகரத்தின் வரலாற்றில் சிறிதேனும் நாட்டமுள்ள எவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த ஆண்டுக்குள் இருக்கும் நாளை மட்டும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், நாம் எளிதாக உச்சரித்துவிடும் அந்தத் தேதிக்குள் எத்தனை சிக்கல்கள் இருக்கின்றன என்பது புலப்படும். நகரத்தின் கடந்த காலத்தை ஆண்டு வரிசையில் படிப்பதைவிட நாள் வரிசையில் படிப்பதில் எனக்கு விருப்பம் அதிகம். பக்கத்துக்கு ஒரு நாளாக ஒரு குறிப்பேடு வைத்து, சென்னையில் அந்தந்த நாளில் நடந்தவற்றை எழுதிவருகிறேன். அந்தப் பழக்கம் எனக்குக் கற்பித்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிறந்த நாள். கம்பெனியின் பழைய ஆவணப் படிகளில் ஒன்று, நாயக்கர் அளித்த கொடையின் நாளை ஜூலை 22 என்று காட்டுகிறது. டே இந்தக் கரைக்கு வந்து சேர்ந்ததோ ஜூலை 27. ஆகவே ஜூலை என்பது படியெடுத்தவரின் கைப்பிழையாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவுசெய்து ஆகஸ்ட் 22ஐ ஏற்றுக்கொண்டார்கள். இதோடு முடிந்ததா என்றால் இல்லை. அக்காலத்து ஆங்கிலேயர்கள் ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினார்கள். போப் கிரிகோரி 1582இல் திருத்திய நாட்காட்டியை ஏற்க அவர்களுக்கு மேலும் 170 ஆண்டுகள் பிடித்தன. பதினேழாம் நூற்றாண்டில் இரண்டு நாட்காட்டிகளுக்கும் இடையே பத்து நாள் வேறுபாடு இருந்தது. அவர்கள் ஆகஸ்ட் 22 என்று எழுதிய அந்த நாள், இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் கணக்குப்படி செப்டம்பர் 1. வாழ்த்துச் சொல்வதற்கு இதனால் ஒரு குறையும் இல்லை. கொண்டாட்டத்துக்கு ஒரு நாளை ஒப்புக்கொண்டால் போதும். வரலாற்றை எழுதுகிறவருக்கு மட்டும் அது போதாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலேயர்களுக்கு அப்போது புத்தாண்டு பிறந்தது மார்ச் 25இல். ஆகவே கோட்டை கட்டுவதற்காக டேயும் கோகனும் ஆட்களோடு வந்து இறங்கிய பிப்ரவரி 20, நம் கணக்கில் 1640ஆம் ஆண்டைச் சேர்ந்ததாக இருக்க, அவர்கள் கணக்கில் இன்னும் 1639தான். இதை அறியாமல் ஆவணத்தைப் படிக்கும் ஒருவர், உரிமை பெறுவதற்கு ஆறு மாதம் முன்பே அவர்கள் வந்து இறங்கிவிட்டார்கள் என்று எழுதிவிட நேரும். 1640 ஏப்ரல் 23இல், கோட்டையின் ஒரு பகுதி எழுந்து நின்றபோது அந்நாள் புனித ஜார்ஜின் திருநாளாக இருந்ததால் கோட்டைக்கு அப்பெயர் அமைந்தது என்பது மரபு.

நாட்காட்டிகள் இரண்டாகப் பிரிந்து நின்றதை நன்கு காட்டும் நிகழ்ச்சி 1746இல் நடந்தது. பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே சென்னையை முற்றுகையிட்டார். சில நாள் பீரங்கித் தாக்குதலிலேயே ஆங்கிலேயர் பணிந்தார்கள். கோட்டை வீழ்ந்த நாளை ஆங்கிலேயர்கள் செப்டம்பர் 10 என்று எழுதினார்கள். கோட்டைக்குள் நுழைந்த பிரெஞ்சுக்காரர்களோ செப்டம்பர் 21 என்று எழுதினார்கள். தோற்றவர்களுக்கும் வென்றவர்களுக்கும் இடையே, ஒரே நாளில், ஒரே மதிலின் இரு பக்கங்களில் பதினொரு நாள் இடைவெளி. மூன்றாவதாக ஒரு கணக்கும் இருந்தது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு அது அட்சய வருஷத்துப் புரட்டாசி மாதம். அறுபதாண்டுச் சுழற்சியின் கடைசி ஆண்டு அது. அடுத்த சித்திரையில் பிரபவ பிறந்தது. சென்னையின் வீழ்ச்சியைத் தமிழ்நாட்டில் அன்று வாழ்ந்த பெரும்பாலோர் எப்படி நினைவில் வைத்திருப்பார்கள் என்று எண்ணினால், செப்டம்பரைவிட அந்தப் புரட்டாசிதான் அவர்களுடைய நாள் என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்தக் குழப்பத்தை ஆங்கிலேயர்கள் 1752இல் சட்டம் போட்டுத் தீர்த்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதிக்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று ஆயிற்று. என் குறிப்பேட்டில் செப்டம்பர் 3 முதல் 13 வரையிலான பக்கங்களில், 1752 என்ற ஆண்டுக்கு எதிரே எதுவும் எழுத முடியாது. ஆங்கிலேயரின் கணக்கில் அந்த நாட்களில் எவரும் பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. கோட்டைக்கு வெளியே, மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும், அந்தப் பதினொரு நாட்களும் வழக்கம்போல வந்து போயின.

நாளுக்கு நேர்ந்தது இதுவென்றால், நேரத்துக்கும் ஒன்று நேர்ந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கம்பெனியார் வானாய்வகம் ஒன்றைக் கட்டினார்கள். அதன் கருவிகளைத் தாங்குவதற்காக நாட்டப்பட்ட கருங்கல் தூண் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் இருக்கிறது. பிற மொழிகளோடு தமிழிலும் தெலுங்கிலும் அதில் எழுத்துகளைப் பொறித்திருக்கிறார்கள். அந்த ஆய்வகத்தின் மேலே சூரியன் உச்சம் கடக்கும் கணத்தை வைத்துக் கணித்த நேரமே சென்னை நேரம். இருப்புப்பாதைகள் பரவியபோது தந்தி வழியாக அந்த நேரம் நாடெங்கும் சென்றது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் அமைந்திருந்ததால், இரு நகரங்களின் நேரங்களுக்கும் இடைப்பட்டதான சென்னை நேரத்தையே இந்திய இருப்புப்பாதைகள் பொது நேரமாகக் கொண்டன. பிறகு 1906 ஜனவரி 1இல், அலகாபாத்துக்கு அருகே செல்லும் 82.5 பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னைக் கடிகாரங்களை ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னே தள்ளிவைத்தார்கள். கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தங்கள் பழைய நேரங்களை விடாமல் வைத்திருந்தன. நாடு முழுவதற்கும் நேரம் சொல்லிக்கொண்டிருந்த சென்னையோ தன் நேரத்தைச் சண்டையின்றி விட்டுக்கொடுத்துவிட்டது. இந்த நகரத்தின் இயல்பைப் பற்றி யாராவது கேட்டால், அந்தப் புத்தாண்டு நாளைத்தான் சொல்வேன்.

அதே ஆய்வகத்தில் 1861 ஏப்ரல் 17ஆம் நாள் இரவு, நார்மன் பாக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதலில் கண்டறியப்பட்ட சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயரிட்டார். அவரிடம் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். நகரத்தின் நாட்குறிப்பில் போர்களும் ஆளுநர்களும் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் இந்த இரவுகளுக்குப் போதிய இடம் கிடைப்பதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

நாளைக் குறிப்பதில் நம்மவர்களுக்குள்ளும் ஒரு வழக்கு நடந்துவருகிறது. அது நெஞ்சுக்கு மிக நெருக்கமானது. சுப்பிரமணிய பாரதி திருவல்லிக்கேணியில் காலமானது 1921 செப்டம்பர் 11ஆம் தேதியா, 12ஆம் தேதியா? தமிழக அரசு செப்டம்பர் 11ஐ மகாகவி நாளாகக் கடைப்பிடிக்கிறது. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவிலோ செப்டம்பர் 12 என்று இருக்கிறது. இரண்டையும் எழுதியவர்கள் தவறு செய்யவில்லை. பாரதியின் உயிர் பிரிந்தது நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு மேல். நள்ளிரவில் நாள் மாறுகிறது என்பது அலுவலகத்தின் கணக்கு. பொழுது விடிந்தால்தான் மறுநாள் என்பது நம் வீடுகளின் கணக்கு. அந்த அறையில் விழித்திருந்தவர்களுக்கு அது இன்னும் முந்தைய நாளின் இரவாகவே இருந்திருக்கும். மாநகராட்சிப் பதிவே இறுதியானது என்று வாதிடுகிறவர்களின் பக்கம் நான் நிற்கிறேன். ஆனால் 11 என்று சொல்கிறவர்களை வரலாறு அறியாதவர்கள் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது.

பாரதியின் முடிவைப் பற்றிய இன்னொரு கதையையும் நாட்களே திருத்துகின்றன. பார்த்தசாரதி கோயில் யானை தாக்கியதால் அவர் இறந்தார் என்று இன்றும் மேடைகளில் சொல்கிறார்கள். யானை அவரைத் தள்ளியது உண்மை. ஆனால் அந்தக் காயத்திலிருந்து தேறிய பாரதி, சுதேசமித்திரன் நாளிதழ்ப் பணிக்குத் திரும்பினார். ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையம் வரை சென்று, மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசிவிட்டு வந்தார். உயிரைப் பறித்தது அதற்குப் பின் வந்த வயிற்றுக்கடுப்பு நோய். நிகழ்ச்சிகளை நாள் வரிசையில் அடுக்கிப் பார்க்கும் எவருக்கும் இது தெளிவாகிவிடும்.

இதே முறையில் சோதித்துப் பார்க்கவேண்டிய மற்றொரு இரவு 1914 செப்டம்பர் 22. முதல் உலகப்போர் தொடங்கி ஏழு வாரமே ஆகியிருந்தது. கார்ல் ஃபான் முல்லர் தலைமையிலான எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல், இரவு ஒன்பதரை மணி அளவில் சென்னைக் கரையை நெருங்கித் தன் தேடொளி விளக்கைக் கரைமேல் பாய்ச்சியது. நகரம் விளக்குகளை அணைக்காமல் இருந்தது. உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் எரிந்துவந்த கலங்கரை விளக்கமும் அவற்றில் சேரும். துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளே கப்பலின் முதல் குறி. இரண்டு தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டு, கோட்டைப் பீரங்கிகள் விழித்துக்கொண்ட வேளையில் கப்பல் விளக்குகளை அணைத்து இருளில் மறைந்தது. துறைமுகத்தில் நின்றிருந்த கப்பலில் சிலர் உயிரிழந்தார்கள். அடுத்த நாட்களில் மூட்டை முடிச்சுகளோடு ஆயிரக்கணக்கானோர் நகரத்தைவிட்டு வெளியேறினார்கள். குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல் உயர்நீதிமன்ற மதிலில் பதிக்கப்பட்டிருக்கிறது. எம்டன் அதே ஆண்டு நவம்பர் 9இல் கோகோஸ் தீவுகளின் அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியால் முடக்கப்பட்டது.

விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டன் கப்பலில் இருந்து இந்தத் தாக்குதலுக்கு வழிகாட்டினார் என்பது தமிழகத்தில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. அவர்மீது எனக்குள்ள மதிப்பு சிறிதும் குறையாதது. ஆனால் 1914 செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவொன்றை நிறுவும் வேலையில் இருந்தார். அங்கிருந்து பெர்லினுக்குச் சென்றார். எம்டனோ ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்தே கீழைக் கடல்களில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரே மாதத்தில் ஒருவர் இரண்டு இடங்களில் இருக்க இயலாது. ஐரோப்பாவில் அவர் செய்த அரசியல் பணி, எம்டன் கதையின் துணை இல்லாமலேயே பெருமைக்குரியது. பொருந்தாத ஒரு கதையை அவர்மேல் ஏற்றுவதால் உண்மையான வேலை மறைந்துபோகிறது என்பதே என் கவலை.

குறிப்பேட்டில் செப்டம்பர் 22ஆம் பக்கத்தில் எம்டனுக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. 1986ஆம் ஆண்டு அதே நாளில், சேப்பாக்கம் மைதானத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய டெஸ்ட் ஆட்டம் சமனில் முடிந்தது. வெற்றி தோல்வியில்லாத டிரா என்பது வேறு. இரு அணிகளின் மொத்த ஓட்டங்களும் சமமாகி, கடைசி விக்கெட்டும் விழுந்து ஆட்டம் முடிவதுதான் சமன். டெஸ்ட் வரலாற்றில் 1960இல் பிரிஸ்பேனிலும் 1986இல் சென்னையிலும் மட்டுமே இது நடந்திருக்கிறது. வெயிலும் புழுக்கமும் தாங்க முடியாத அந்த ஐந்து நாட்களில், டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ஓட்டங்கள் குவித்துப் பின்னர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கபில் தேவ் 119 அடித்து இந்தியாவைக் கரையேற்றினார். கடைசி நாளில் 348 என்ற இலக்கைத் துரத்திய இந்தியா 347ஐத் தொட்டிருந்தபோது, கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் கிரெக் மாத்யூஸின் பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆனார். மறுமுனையில் ரவி சாஸ்திரி 48 ஓட்டங்களோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டு செப்டம்பர் 22களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒரே பக்கத்தில் இருக்கின்றன என்பதால் அவற்றுக்குள் பொருள் தேடுவது வீண். ஆனாலும் நாள் வரிசையில் படிக்கும்போது நூறு ஆண்டு வரலாற்று நூல் ஒருபோதும் அருகருகே வைக்காத இரண்டு மாலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. ஒரே நகரத்து மக்கள் ஒரு மாலை ஊரைவிட்டு ஓடியதையும் இன்னொரு மாலை இருக்கையைவிட்டு எழ மறுத்ததையும் ஒருசேர நினைக்கவைக்கின்றன.

சேப்பாக்கத்துக்கு மற்றொரு நாளும் உண்டு. 1952 பிப்ரவரி 6இல் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் அங்கே தொடங்கியது. அன்றே லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்த செய்தி வர, மறுநாளை ஓய்வு நாளாக மாற்றினார்கள். பிப்ரவரி 10இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. வினூ மன்கட் அந்த ஆட்டத்தில் 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 

எம்டன் இரவின் அச்சம் 28 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் வந்தது. 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று நம்பிய அரசு, கட்டாயப் பணியில் இல்லாதவர்கள் நகரத்தைவிட்டு வெளியேறலாம் என்று அறிவித்தது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன. குண்டுவீச்சில் கூண்டுகள் உடைந்தால் தப்பித்துத் தெருவுக்கு வந்துவிடும் என்று அஞ்சி, சென்ட்ரல் நிலையத்தை அடுத்த மக்கள் பூங்காவின் விலங்குக்காட்சி சாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஏப்ரலில் சென்னைமேல் ஒரு குண்டும் விழவில்லை. 1943 அக்டோபரில் தனியாக வந்த ஒரு ஜப்பானிய விமானம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. அப்போது ஊர் காலியாகவும் இல்லை, சுடுவதற்குச் சிங்கமும் இல்லை. நகரத்தின் கடந்த காலத்தில் என்னை மிகவும் துன்புறுத்தும் பக்கங்களில் இதுவும் ஒன்று. நடக்காத ஒன்றின்மேல் கொண்ட அச்சம் எவ்வளவு உண்மையான உயிர்களைப் பலிகொள்ளும் என்பதற்கு அந்தக் கூண்டுகளே சான்று.

இத்தனை நாட்களை எழுதியபின், எழுத முடியாதவை கண்ணை உறுத்துகின்றன. தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட நாள் 1856 ஜூலை 1 என்பது நமக்குத் தெரியும். அந்தப் பாதைக்கு மண் சுமந்தவர்களின் நாட்கள் தெரியாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருஷப் பஞ்சத்தில் பிழைக்க வழியின்றி வந்தவர்களைக் கொண்டு, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியை வெட்டினார்கள். கூலிக்காக வெட்டியவர்களில் யார் எந்த நாளில் விழுந்தார்கள் என்பதற்கு ஒரு பக்கமும் இல்லை. மக்கள் அந்தப் பஞ்சத்தை ஆண்டின் பெயரால் மட்டுமே நினைவில் வைத்தார்கள். எழுத்தர்கள் இருந்த இடத்தில்தான் தேதி பிறக்கிறது. கோட்டையிலும் மாதாகோயிலிலும் நீதிமன்றத்திலும் எழுத்தர்கள் இருந்தார்கள், கால்வாய்க் கரையில் கூலிக்கணக்குக்கு மட்டுமே இருந்தார்கள்.

ஆகவே உழைத்தவர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட நாட்களை நான் தனி மதிப்போடு குறித்துவைக்கிறேன். 1918 ஏப்ரல் 27இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் முதலானோருடன் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினார்கள். முறையாக அமைக்கப்பட்ட முதல் இந்தியத் தொழிற்சங்கம் அது. 1923 மே 1இல் ம.சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாள் கூட்டங்களை, உயர்நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் ஒரே நாளில் நடத்தினார். சிக்காகோவின் தெருக்களில் பிறந்த ஒரு நாளைச் சென்னையின் மணலுக்குக் கொண்டுவந்தவர் அவர்.

ஆனால் இந்த நகரத்தை நாள் வாரியாகப் பதிவுசெய்தவர்களில் காலத்தால் முந்தியவர் எந்தக் கம்பெனியையும் சேர்ந்தவர் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம், பூம்பாவை என்ற பெண் தான் பார்க்காமலே விட்டுச் சென்ற திருவிழாக்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறது: ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். ஆண்டு எதையும் சொல்லாமல், மாதத்தையும் நட்சத்திரத்தையும் மட்டும் சொல்லி, ஓர் ஊர் ஓர் ஆண்டை எப்படிக் கடந்தது என்பதை முழுமையாகக் காட்டும் பட்டியல் அது. பிரான்சிஸ் டே வருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே நாட்காட்டியோடு வாழ்ந்த ஓர் ஊர் இருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. போர்த்துகீசியர் காலத்தில் கடலோரத்துப் பழைய கோயில் அழிந்து, இப்போதுள்ள கபாலீசுவரர் கோயில் பிற்காலத்தில் எழுந்தபோதும், மாசி மகத்தன்று சுவாமி மெரினாக் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி நடப்பது நிற்கவில்லை. அந்த விழாவை என் குறிப்பேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஒரு ஆண்டு பிப்ரவரியிலும் மறு ஆண்டு மார்ச்சிலும் வருவதால், பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆண்டுக்கு ஒரு முறை இடம் மாற்றி எழுதிவருகிறேன்.